மரபியல் வகுப்புக்கு வரும் விருந்தினர்



உயிரியல் ஆசிரியர் ஒருவரின் நினைவாக அறக்கட்டளை ஒன்று ஆண்டுதோறும் நடத்தும் சொற்பொழிவு இது. மரபணுத் திருத்தம் பற்றிப் பேசலாமே என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். அதைப் பேச ஆட்கள் பலர் இருக்கிறார்கள். மரபியலைத் தொழிலாகச் செய்கிறவர்கள் நம் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போய், அங்குள்ள ஆசிரியரோடு சேர்ந்து நின்று அந்தப் பாடத்தை நடத்த வேண்டும்; அதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். உடனே ஒத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நன்றி.

பள்ளிக்கு விஞ்ஞானியை அழைப்பது புது யோசனைபோலத் தெரியும். ஆனால் மரபியலைத் தொடங்கி வைத்தவரே பள்ளி ஆசிரியர்தான். கிரெகர் மெண்டல் 1854 முதல் 1868 வரை புரூன் நகரத்துப் பள்ளி ஒன்றில் இயற்பியலும் இயற்கை வரலாறும் நடத்தினார். இன்றைக்குச் செக் நாட்டில் புர்னோ என்று வழங்கும் ஊர் அது. ஆசிரியர் தகுதித் தேர்வில் 1850இல் தோற்றார். 1856இல் மறுபடி போனார், அப்போதும் தேறவில்லை. ஆகவே கடைசிவரை தற்காலிக ஆசிரியராகவே வேலை பார்த்தார். 1865ஆம் ஆண்டு பிப்ரவரி 8, மார்ச் 8 ஆகிய நாட்களில் அந்த ஊர் இயற்கை ஆய்வுச் சங்கத்தில் தம் பட்டாணி முடிவுகளைப் படித்தார். சங்கம் கூடிய இடமும் அவர் பாடம் நடத்திய அதே பள்ளிக் கட்டடந்தான். ஆராய்ச்சியும் வகுப்பும் அன்று ஒரே ஆளிடம், ஒரே கூரையின் கீழ் இருந்தன. பிற்பாடு இரண்டும் பிரிந்து வெகுதூரம் போய்விட்டன.

எவ்வளவு தூரம் என்பதை நம் பத்தாம் வகுப்பில் பார்க்கலாம். அறிவியல் நூலின் பிற்பகுதியில் மரபியல் வருகிறது. அந்தப் பாடத்தை எட்டும்போது திருப்புதல் தேர்வு நெருங்கிவிடும். கரும்பலகையில் ஒரு பன்னட் கட்டம் போடப்படும். நெட்டை, குட்டை, ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, 3:1. மறுநாள் இருபண்புக் கலப்பு, 9:3:3:1. தேர்வுக் கேள்விக்கு அது போதும். ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேதியியலோ இயற்பியலோ படித்துவிட்டு உயிரியலையும் சேர்த்துச் சுமக்கிறவர்கள் அவர்களில் பலர். அவர்களுக்கு வேண்டியது பக்கத்தில் நிற்க ஒரு துணை.

துணை என்ற பெயரில் இன்று என்ன வருகிறது? சிறப்பு விருந்தினர் வருகிறார். வாசலில் பிளக்ஸ், மேடையில் சால்வை, மைதானத்தில் வெயிலில் ஒட்டுமொத்தப் பள்ளி. ஒரு மணி நேரம் மைக்கில் பேசுகிறார். தாம் எப்படி முன்னுக்கு வந்தார் என்பதைச் சொல்கிறார். நாளைய விஞ்ஞானிகள் நீங்களே என்று வாழ்த்துகிறார். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். நல்ல மனிதர்கள் நல்ல எண்ணத்தோடு செய்யும் காரியம் இது. ஆனால் அங்கே மரபியலில் ஒரு வரிகூட எவருக்கும் புதிதாக விளங்குவதில்லை. நாற்பது பேர் உட்காரும் அறையில், வழக்கமான பீரியடில், வழக்கமான ஆசிரியர் உடனிருக்க நடப்பதே பாடம். விருந்தினர் அந்த அறைக்குள் போக வேண்டும். ஒரே வாரம் போய்விட்டு மறைந்துவிடாமல், பாடம் நடக்கும் காலம் முழுக்க இடைவெளி விட்டு மூன்று நான்கு முறையாவது போக வேண்டும்.

கையில் என்ன கொண்டுபோவது? பெரும்பாலோர் வாழைப்பழத்தைக் கொண்டுபோகிறார்கள். பழத்தை மசித்து, பாத்திரம் துலக்கும் திரவமும் உப்பும் சேர்த்து, வடிகட்டி, குளிர்ந்த ஆல்கஹாலை மேலே ஊற்றினால் வெள்ளை நூலாக டி.என்.ஏ. மிதந்து வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பண்பு எப்படி வருகிறது என்ற கேள்விக்கு அந்த வெள்ளை நூலில் பதில் இல்லை. நான் பட்டாணியைத்தான் சிபாரிசு செய்வேன்.

மளிகைக் கடையில் விற்கும் காய்ந்த பட்டாணி உருண்டையாக இருக்கும். விதைக் கடையில் ஆர்க்கெல் என்ற காய்கறிப் பட்டாணி விதை கேட்டால் சுருங்கிய விதையைத் தருவார்கள். இரண்டையும் பிள்ளைகள் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கட்டும். மெண்டல் எண்ணியதும் இந்த இரு வகைகளைத்தாம். இரண்டாம் தலைமுறையில் அவருக்கு உருண்டை 5474, சுருங்கியது 1850. வகுத்துப் பார்த்தால் 2.96. மூன்று அல்ல என்று ஒரு பிள்ளை நிச்சயம் சொல்லும். அப்போது ஆளுக்கு இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைக் கொடுத்துச் சுண்டச் சொல்லிவிடலாம். ஒரு நாணயம் தாய், மற்றது தகப்பன்; இரண்டிலும் பூ விழுந்தால் சுருங்கிய விதை, மற்றபடி உருண்டை. ஒரு பெஞ்சில் 3:1 சரியாக வருவது அரிது. வகுப்பு முழுவதையும் கூட்டினால் அதை நெருங்கி வரும். கட்டத்தில் எழுதும் விகிதம் நிகழ்தகவு என்பதும், மெண்டல் ஏன் ஆயிரக்கணக்கில் எண்ணினார் என்பதும் அந்த இடத்தில்தான் விளங்கும்.

அடுத்து, அந்த விதைகளை ஊறவைத்து, உள்ளேயிருந்து துளி மாவைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பள்ளி நுண்ணோக்கியில் காட்ட வேண்டும். உருண்டை விதையில் மாவுமணிகள் முழுசாக, நீள்வட்டமாக, நீலக் கறுப்பில் தெரியும். சுருங்கிய விதையில் அவை விண்டு, பல துண்டுகள் ஒட்டியதுபோல இருக்கும். சுருங்கிய விதையில் மாவுச்சத்தைக் கிளைவிடச் செய்யும் நொதி ஒன்று வேலை செய்வதில்லை. மாவாக மாற வேண்டிய சர்க்கரை தங்கிவிடுகிறது. சர்க்கரை அதிகமானால் விதை கூடுதலாக நீரை இழுத்துப் பெருக்கிறது. முற்றிக் காயும்போது அந்த நீர் போய்த் தோல் சுருங்குகிறது. அந்த நொதிக்கான மரபணுவுக்குள் அந்நியத் துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டதே காரணம் என்று இங்கிலாந்தின் ஜான் இன்ஸ் மையத்தைச் சேர்ந்தவர்கள் 1990இல் கண்டுபிடித்தார்கள். மெண்டல் சொன்ன 'காரணி' எப்படிப்பட்ட பொருள் என்று தெரிய நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஓர் உருண்டை மரபணு, ஒரு சுருங்கிய மரபணு கொண்ட கலப்பு விதை வெளியே பார்க்க உருண்டைதான். நுண்ணோக்கியில் அதன் மாவுமணிகள் இரண்டுக்கும் நடுத்தரமாக இருக்கும். கண்ணால் பார்த்தால் முழு ஓங்குத்தன்மை. மாவுமணியைப் பார்த்தால் இடைநிலை. ஓங்கு, ஒடுங்கு என்பதெல்லாம் நாம் எந்த மட்டத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்தச் செய்தியைக் கையில் தகட்டோடு சொல்ல, அந்தத் துறையில் புழங்கிய ஒருவர் வேண்டியிருக்கிறது.

பட்டாணி நிறத்துக்கு வருவோம். காய்ந்த பச்சை, மஞ்சள் பட்டாணியைக் கலந்து கொடுத்து இரண்டாகப் பிரிக்கச் சொன்னால் பிள்ளைகள் சில விதைகளில் சண்டை பிடிப்பார்கள். அவை பச்சையிலும் சேராது, மஞ்சளிலும் சேராது. ஆங்கில உயிரியலாளர் வெல்டன் 1902இலேயே இந்தச் சண்டையைத் தொடங்கிவிட்டார். பச்சையிலிருந்து மஞ்சள்வரை படிப்படியாக மாறும் பட்டாணிகளை வண்ணப் படமாக அச்சிட்டு, இரண்டே பெட்டிக்குள் இயற்கை அடங்காது, சூழலையும் விதையின் முழு வம்சத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று வாதாடினார். 1906இல் அவர் இறந்ததால் அந்த வாதம் பாதியில் நின்றது. நம் காலத்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரெகரி ராடிக்கும் ஆனி ஜேமிசனும் அதை எடுத்துச் சோதித்தார்கள். மெண்டலில் தொடங்காமல், மரபணுவும் சூழலும் சேர்ந்து இயங்கும் விதத்தில் தொடங்கி ஒரு பாடத்திட்டம் வகுத்து, கல்லூரி மாணவர்களுக்கு நடத்தினார்கள். அதைப் படித்தவர்களிடம் 'எல்லாம் மரபணுவில் எழுதியபடியே' என்ற எண்ணம் குறைந்தது. வழக்கமான முறையில் படித்தவர்களிடம் அப்படிக் குறையவில்லை.

எனக்கு இது மிகவும் முக்கியமாகப் படுகிறது. நம் ஊர்களில் 'ரத்தத்திலேயே ஊறியது' என்ற பேச்சு எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு வராத பெண்ணிடம், உன் அம்மாவுக்கும் வராது என்கிறோம். மேல், கீழ் என்று மனிதரைப் பிரித்து வைத்ததற்கும் அதே காரணம் சொல்லப்படுகிறது. நெட்டை ஒரு மரபணு, குட்டை ஒரு மரபணு என்று மட்டும் கற்ற பிள்ளை, அறிவுக்கு ஒன்று, குணத்துக்கு ஒன்று, குலத்துக்கு ஒன்று என்று தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். மனிதரின் உயரத்தோடு ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் தொடர்புள்ளவை என்று இன்று தெரியும். சாப்பாடும் நோயும் அதற்கு மேல். இதைப் பத்தாம் வகுப்பில் சொல்லாமல் எப்போது சொல்வது?

அமெரிக்காவில் பிரையன் டோனோவன் என்ற கல்வி ஆய்வாளர் உயர்நிலைப் பள்ளி வகுப்புகளிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். இன்ன இனத்துக்கு இன்ன நோய் என்று மட்டும் சொல்லிப் போகும் மரபியல் பாடம், இனங்கள் அடிப்படையிலேயே வேறானவை என்ற நம்பிக்கையைப் பிள்ளைகளிடம் வளர்த்துவிடக்கூடும் என்று அவர் காட்டினார். மனித வேறுபாட்டின் பெரும்பகுதி ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதைக் கணக்கோடு கற்பித்தால் அந்த நம்பிக்கை தளர்கிறது என்றும் காட்டினார். இந்தக் கணக்கு ரிச்சர்ட் லெவன்டின் 1972இல் போட்டது. ஏறத்தாழ 85 விழுக்காடு வேறுபாடு கூட்டங்களுக்குள்ளேயே அடங்கும்.

நம் நாட்டில் இதை நேர்மையாகச் சொல்வதானால் மற்றப் பாதியையும் மறைக்கக் கூடாது. ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. நிறுவனத்தைச் சேர்ந்த தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் இணைந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில் தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட சமூகக் குழுக்களைப் பார்த்தார்கள். சிறு எண்ணிக்கையில் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணந்ததன் தடம் 81 குழுக்களில் மிக ஆழமாகத் தெரிந்தது. அதன் விளைவு சில ஒடுங்கு நோய்கள் அந்தந்தக் குழுவில் கூடுதலாக வருவது. மயக்க மருந்தில் பயன்படும் தசைத் தளர்த்தி ஒன்று சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் ஆபத்தாவது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அகமணம் டி.என்.ஏ.வில் தடம் விட்டிருக்கிறது. அந்தத் தடத்தில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை, நோய்ச் சுமைதான் இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதற்குத் தேர்ச்சி வேண்டும். ஆசிரியர் தனியாகச் சொன்னால் ஊரில் அவருக்குச் சங்கடம் வரலாம். வெளியிலிருந்து வந்தவர் சொல்லி, ஆசிரியர் பக்கத்தில் நின்றால் அந்தச் சுமை பகிரப்படும்.

உறவுத் திருமணமும் அப்படியே. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 28 விழுக்காட்டுப் பெண்கள் இரத்த உறவில் மணந்தவர்கள். அப்படியென்றால் எந்த வகுப்பறையிலும் அத்தை மகனை, தாய்மாமனை மணந்தவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். நகரத்திலிருந்து வந்த விருந்தினர் இது மூடப் பழக்கம் என்று ஒரு சொல் சொன்னால் அந்தப் பிள்ளைகள் தலை குனிவார்கள், பாடம் அங்கேயே நின்றுவிடும். சொல்ல வேண்டியது கணக்கு. அத்தை மகன், மாமன் மகள் மணந்தால் பிள்ளைக்கு ஒரே மூதாதையின் ஒரே மரபணு இரு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று; தாய்மாமன் மணந்தால் எட்டில் ஒன்று. முன்னதில் பிறவிக் குறையின் ஆபத்து பொது ஆபத்துக்கு மேல் சுமார் 2 முதல் 3 விழுக்காடு கூடுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள், ஆனால் ஆபத்து உண்மை. நாளை திருமண முடிவு எடுக்கப் போகிறவர்கள் அந்தப் பெஞ்சில் இருக்கிறார்கள்.

நீலகிரியில் இந்தக் கணக்கு இன்னும் நெருக்கமான விஷயம். இந்தியாவில் கதிர் அரிவாள் அணுப் பண்பு முதன்முதலில் பதிவானது அங்கேதான். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952இல் கண்டார்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின்; மாற்றம் அவ்வளவுதான். ஒற்றை மரபணுவாக வந்தால் அவர் கடத்தி; மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு. இரண்டும் சேர்ந்தால் வாழ்நாள் முழுக்க வலி. மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கிய இந்நோய் ஒழிப்பு இயக்கத்தில் நாற்பது வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. நோயா, கடத்தியா, இரண்டும் இல்லையா என்று காட்டும் அட்டையும் தருகிறார்கள். கூடலூர்ப் பக்கத்துப் பள்ளியில் ஒரு மாணவி அந்த அட்டையைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவளுக்கு 3:1 மனப்பாடமாகத் தெரிந்தால் போதாது. கடத்தி இருவர் மணந்தால் நாலில் ஒரு பிள்ளைக்கு நோய் என்பதை, முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று புரிந்துகொள்ளும் குடும்பங்கள் உண்டு. ஒவ்வொரு பிரசவத்திலும் புதிதாக நாலில் ஒன்று. நாணயம் சுண்டிய பிள்ளைக்கு இது தெரியும். கடத்தி என்றால் நோயாளி அல்ல என்பதும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அட்டை பெண் பார்க்கும் இடத்தில் தடையாகிவிடும்.

இங்கே விருந்தினருக்கு ஒரு கண்டிப்பு சொல்ல வேண்டும். பிள்ளைகளின் வீட்டை ஆய்வுப்பொருளாக்காதீர்கள். உங்கள் குடும்பத்தில் எல்லாருடைய இரத்த வகையையும் எழுதி வாருங்கள் என்ற வீட்டுப்பாடம் பல இடங்களில் உண்டு. அப்பா ஏபி, பிள்ளை ஓ என்று ஒரு தாள் வரும். புத்தகப்படி அது முடியாது. 'முடியாது' என்று வகுப்பில் ஒருவர் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அன்றிரவு என்ன நடக்கும்? ஆய்வகத்தில் தவறாக எழுதியிருக்கலாம். தத்தெடுத்த பிள்ளையாக இருக்கலாம். 1952இல் பெண்டேயும் உடன் ஆய்ந்தவர்களும் கண்டறிந்த பம்பாய் வகையாகவும் இருக்கலாம். ஏ, பி மரபணு இருந்தும் சாதாரணப் பரிசோதனையில் ஓ என்றே காட்டும் அபூர்வ வகை அது. கற்பனைக் குடும்பத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள், போதும்.

நாக்கை மடிப்பது, காது மடல் ஒட்டியிருப்பது ஆகிய வகுப்பறை வழக்கங்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஒட்டிய, ஒட்டாத காது மடல்களை வகுப்பில் எண்ணச் சொல்லும் பயிற்சி என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு நூலில் இருந்தது. காது மடல் இரண்டே வகையில் அடங்குவதில்லை. நாக்கு மடிப்பு பரம்பரைப் பண்பு என்று 1940இல் எழுதியவர் ஸ்டர்ட்டவன்ட். மாணவராக இருந்தபோதே முதல் மரபணு வரைபடத்தைத் தந்த மேதை. 1952இல் மாட்லாக் என்பவர் ஒத்த இரட்டையர் 33 ஜோடிகளைப் பார்த்தார். ஏழு ஜோடிகளில் ஒருவரால் மடிக்க முடிந்தது, மற்றவரால் முடியவில்லை. ஸ்டர்ட்டவன்ட் 1965இல் தம் கருத்தை வெளிப்படையாகக் கைவிட்டார். பள்ளிகள் இன்றும் கைவிடவில்லை. ஒரு பெரிய விஞ்ஞானி சொன்னது தவறென்று எப்படித் தெரிந்தது, அவர் எப்படி ஒப்புக்கொண்டார் என்ற இந்தக் கதையை வகுப்பில் சொல்ல, துறைக்குள் இருப்பவரே பொருத்தமான ஆள். பிள்ளைகள் விஞ்ஞானியிடம் கற்க வேண்டியவற்றில் முதன்மையானது இது என்பேன்.

யார் போவது? மூத்த பேராசிரியர்கள் போவதைவிட ஆய்வு மாணவர்கள் போவது நல்லது. அமெரிக்காவில் ஏப்ரல் 25ஐ டி.என்.ஏ. நாளாகக் கொண்டாடுகிறார்கள், 1953இல் வாட்சன், கிரிக் கட்டுரை வெளிவந்த தேதி அது. வட கரோலினா மாநிலத்தில் அந்த நாளையொட்டி முனைவர் பட்ட மாணவர்களும் இளம் ஆய்வாளர்களும் சிற்றூர்ப் பள்ளிகள்வரை போய்ப் பாடம் நடத்துகிறார்கள். போவதற்கு முன் அவர்களுக்கே பயிற்சி உண்டு. நம் மதுரை, கோவை, திருச்சி, சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மாணவர்களில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் எத்தனையோ பேர். பிள்ளைகள் பேசும் தமிழ் அவர்களுக்கு வரும், பிள்ளைகளும் அவர்களிடம் கூசாமல் கேட்பார்கள். 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை கருத்தாளர்களைப் பள்ளிக்கே அனுப்பிச் சோதனைகள் செய்ய வைக்கிறது. வழி அங்கே போட்டாகிவிட்டது. மரபியல் பத்தாம் வகுப்பில் வருவதால் அந்த வழியை இரண்டு வகுப்பு மேலே நீட்ட வேண்டும்.

நேரம் எங்கே என்று தலைமை ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜனவரியில் வந்தால் இடம் கிடைக்காது. ஆகஸ்டில் வந்தால் கிடைக்கும். பாடத்தை முன்னே இழுத்து, ஆசிரியரும் விருந்தினரும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து யார் எதை நடத்துவது என்று பிரித்துக்கொள்ளலாம். பன்னட் கட்டமும் தேர்வுக் கேள்விகளும் ஆசிரியர் கையில்; பட்டாணி, நுண்ணோக்கி, விவாதம் விருந்தினர் கையில். அடுத்த ஆண்டு விருந்தினர் வராவிட்டாலும் மாவுமணித் தகட்டை ஆசிரியரே செய்வார்.

இந்த அறக்கட்டளையினருக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடக்கட்டும். அரங்கம், அழைப்பிதழ், சால்வை, விருந்து ஆகியவற்றுக்கு ஆகும் தொகையில் பாதியை ஒதுக்கினால், பக்கத்து ஒன்றியத்துப் பள்ளிகள் சிலவற்றுக்கு ஆய்வு மாணவர்களை அனுப்பும் பேருந்துக் கட்டணமும், விதையும், அயோடினும், கண்ணாடித் தகடுகளும் அதிலேயே அடங்கிவிடும். பெயர் கொடுக்க விரும்பும் ஆய்வு மாணவர்களுக்காக அரங்கின் பின்வாசலில் ஒரு பதிவேடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். பள்ளி ஆசிரியர்களுக்குத் தனிப் பக்கம் உண்டு. கூட்டம் முடிந்ததும் எழுதிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.